வளாகத்தில் மாநாடு: ரயிலும் பஸ்ஸுமா, காரா?

தூரப்பறவை
புதன், இரவு 9.12

வணக்கம். வரும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் மாநாடு. சனிக்கிழமை காலை 9.30-க்கு என் உரை. முதல் அமர்விலேயே போட்டுவிட்டார்கள். பிற்பகலில் போஸ்டர் ஒன்றும் வைக்க வேண்டும். தங்குமிடம் நகரின் மறுகோடியில், வளாகத்திலிருந்து ஏறக்குறைய 14 கிலோமீட்டர். அந்த ஊருக்கு இதுவரை போனதில்லை.

மாநாட்டுக் குழு அனுப்பிய கடிதத்தில் 'எப்படி வருவது' என்ற தலைப்பின் கீழ் இரண்டே வரி. ரயில் நிலையத்திலிருந்து அடிக்கடி பஸ் உண்டு. காரில் வருவோருக்கு வளாகத்திலேயே நிறுத்த இடம் உண்டு. எந்த நிறுத்தத்தில் இறங்குவது, எந்த வாசல் வழியாக நுழைவது, காரை எங்கே விடுவது, ஒன்றும் இல்லை. வரைபடச் செயலியைக் கேட்டால் ரயிலும் பஸ்ஸுமாக 48 நிமிடம், காரில் 25 நிமிடம் என்கிறது. உடன் வரும் தோழி கார் வாடகைக்கு எடுக்கலாம் என்கிறாள். எனக்கு மனம் ரயில் பக்கம் சாய்கிறது. பட்டறிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்டியரிங்
புதன், இரவு 9.30

48 பெரிதா, 25 பெரிதா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஏ0 அளவு போஸ்டர் என்றால் 84.1 சென்டிமீட்டருக்கு 118.9. சுருட்டிக் குழாயில் போட்டாலும் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் நீளம். நெரிசலான பஸ்ஸில் அப்படி ஒரு குழாயோடு நின்றிருக்கிறேன். வளைவில் பஸ் திரும்பியபோது குழாயின் முனை முன்னால் இருந்தவரின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது. நிலையம் வரும்வரை அவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். காரின் பின்னிருக்கையில் போட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும்.

கடைசி இருக்கை
புதன், இரவு 10.05

அந்த 25 நிமிடம் எங்கே முடிகிறது என்று செயலியில் பெரிதாக்கிப் பாருங்கள். வளாகத்தின் நடுவில் அது குத்தி வைத்திருக்கும் ஒரு புள்ளியில் முடிகிறது. அங்கே புல்தரைதான் இருக்கும். கார் அங்கே நிற்காது. நிறுத்துமிடம் தேட வேண்டும், நிறுத்திவிட்டுக் கட்டணம் கட்ட வேண்டும், பிறகு நடக்க வேண்டும். ரயில், பஸ் கணக்கில் நடைநேரத்தைச் செயலி சேர்த்துச் சொல்கிறது. கார் கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே பிழை.

இடம் தேடிச் சுற்றுவது சின்ன விஷயமில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டியிருக்கும் வெஸ்ட்வுட் வில்லேஜ் என்ற சிறு கடைத்தெருப் பகுதியை அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டொனால்டு ஷூப் அளந்து பார்த்தார். தெருவோர இடத்துக்காக ஒரு கார் சராசரியாக 3.3 நிமிடம்தான் சுற்றியது. கேட்க அற்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதி முழுவதற்கும் கூட்டினால், ஆண்டுக்கு ஏறக்குறைய 9.5 லட்சம் மைல் வீண் ஓட்டம்.

அதே பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் நோபல் பரிசு பெற்ற பேராசிரியர்களுக்கென்று தனி நிறுத்துமிடம் ஒதுக்கி, 'என்.எல்.' என்று பலகை வைத்திருக்கிறார்கள். வளாகத்துக்குள் காரை நிறுத்த எவ்வளவு தகுதி வேண்டும் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

ஸ்டியரிங்
புதன், இரவு 10.20

நண்பரே, போவது சனிக்கிழமை. மாணவர்கள் இருக்கமாட்டார்கள். வாரநாள் கணக்கைக் கொண்டுவந்து பயமுறுத்தாதீர்கள்.

நேரக்கணக்கு
புதன், இரவு 11.02

சனிக்கிழமை என்பது பஸ்ஸுக்கும் சனிக்கிழமைதானே? தூரப்பறவை, அந்த 48 நிமிடத்தை எப்போது பார்த்தீர்கள்? இன்று புதன். செயலி தானாகக் காட்டுவது 'இப்போது புறப்பட்டால்' என்ற கணக்கு. அதை மாற்றி, 'சனிக்கிழமை 8.45-க்குள் சேர வேண்டும்' என்று கொடுத்துப் பாருங்கள்.

பஸ் நேரங்கள் செயலிகளுக்குப் போவது ஜி.டி.எஃப்.எஸ். என்ற கோப்பு வடிவில். 2005-ல் அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரப் போக்குவரத்து நிறுவனமான ட்ரைமெட்டும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது அது. எந்தக் கிழமையில் எந்த ஓட்டம் என்பது அதில் ஒரு கோப்பு. விடுமுறை, சிறப்பு நாள் போன்ற விலக்குகள் இன்னொரு கோப்பு. இந்த இரண்டாவது கோப்பை நிறுவனம் நிரப்ப மறந்தால், ஓடாத பஸ்ஸைச் செயலி ஓடுவதாகவே சொல்லும். ஆகவே செயலியில் ஒருமுறை, போக்குவரத்து நிறுவனத்தின் சொந்த அட்டவணையில் ஒருமுறை என்று இரண்டையும் பாருங்கள். வளாகத்துக்குள் ஓடும் ஷட்டில் பஸ்ஸை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். அது வகுப்பு நாள்களுக்கென்று விடப்படுவது.

தூரப்பறவை
புதன், இரவு 11.19

மாற்றிப் பார்த்தேன். 1 மணி 12 நிமிடம்! வாரநாளில் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக இருக்கும் பஸ், சனிக்கிழமை இருபது நிமிடத்துக்கு ஒன்று. ஞாயிறு இன்னும் மோசம், மாலை 5.40-க்குக் கடைசி பஸ். இந்த இழையைத் தொடங்காமல் இருந்திருந்தால் முதல் அமர்வில் என் நாற்காலி காலியாக இருந்திருக்கும்.

நேரக்கணக்கு
வியாழன், காலை 6.48

இருபது நிமிடத்துக்கு ஒன்று என்றால் சராசரியாகப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று எல்லோரும் போடும் கணக்கு, பஸ்கள் ஒழுங்காக இடைவெளி விட்டு வந்தால்தான் சரி. ஒரு பஸ் கொஞ்சம் தாமதமானால் அதற்குள் நிறுத்தத்தில் ஆள் சேர்ந்துவிடும். அவர்களை ஏற்றுவதிலேயே அது மேலும் தாமதமாகும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஏற்ற ஆளே இருக்காது, விரைந்து வந்து முன்னதன் வாலைப் பிடித்துவிடும். 1964-லேயே நியூவெல், பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கணிதமாக எழுதிக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு பஸ் ஒட்டிக்கொண்டு வந்து, அடுத்த இரண்டுக்கு 40 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு மூன்று பஸ் என்ற கணக்கு மாறவில்லை. ஆனால் காத்திருப்பவரின் சராசரி பத்திலிருந்து இருபது நிமிடம் ஆகிவிட்டது.

மாநாட்டுக் காலையில் இது நடக்க வாய்ப்பு கூடுதல். ஒரே ரயிலிலிருந்து ஐம்பது பேர், கழுத்தில் பையும் கையில் குழாயுமாக, ஒரே நிறுத்தத்தில் இறங்குவார்கள். நான் கடைப்பிடிக்கும் வழக்கம் இது: வழியில் ஏதாவது ஒரு வண்டியைத் தவறவிட்டாலும் நேரத்துக்குப் போய்ச் சேரும்படி புறப்படுவது. ஒன்றுக்கு மட்டும்தான் இடம்கொடுப்பேன். இரண்டும் தவறும் என்று பயந்தால் முந்தின நாளே போய் வாசலில் படுக்க வேண்டியதுதான்.

பெயர் அட்டை
வியாழன், காலை 8.15

நான் நான்கு மாநாடுகளை ஒருங்கிணைத்தவன். இந்தமாதிரி இரண்டு வரிகளை நானும் எழுதியிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன்.

ஏன் அப்படி எழுதுகிறோம் என்றால், அந்த வளாகத்துக்குப் பத்து, பதினைந்து ஆண்டுகளாக நாள்தோறும் வருகிறோம். சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் ஒரு சந்து, அதன் வழியாக வந்தால் அரங்கின் பக்கவாட்டுக் கதவு. எங்கள் கால்களுக்கு அது தெரியும், வாய்க்குத் தெரியாது. பேச்சாளர் பட்டியல், அரங்க முன்பதிவு, பெயர் அட்டை எல்லாம் முடிந்தபின் நள்ளிரவில் எழுதப்படுவது 'எப்படி வருவது'. முந்தைய ஆண்டு மாநாட்டுக் கடிதத்திலிருந்து அப்படியே ஒட்டுவதும் உண்டு. ஒருமுறை அப்படி ஒட்டியதில், இடித்துத் தள்ளப்பட்ட ஒரு கட்டடத்துக்கு எதிரே வந்து சேருமாறு இருநூறு பேரை அழைத்திருந்தேன்.

ஆகவே குழுவுக்கு எழுதுங்கள். 'எப்படி வருவது?' என்று கேட்காதீர்கள், மறுபடியும் அந்த இரண்டு வரிதான் வரும். இப்படிக் கேளுங்கள்: பதிவு மேசை எந்தக் கட்டடத்தில், எந்தக் கதவுக்கு உள்ளே இருக்கிறது? அந்தக் கதவுக்கு மிக அருகில் உள்ள வளாக வாசல் எது, சனிக்கிழமை எட்டு மணிக்கு அது திறந்திருக்குமா? காரின் பதிவு எண்ணை முன்கூட்டியே தர வேண்டுமா? காலையில் அழைத்தால் எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண் எது? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு மாணவத் தன்னார்வலரின் எண்ணைத் தருவார்கள். அது போதும். எங்களைவிட அவர்களுக்கு எல்லாம் தெரியும்.

ஸ்டியரிங் அவர்களுக்கு ஒரு வார்த்தை. சனிக்கிழமை வளாகம் காலி என்பது பாதி உண்மை. அன்றைக்கென்று பட்டமளிப்பு விழாவோ நுழைவுத்தேர்வோ விளையாட்டுப் போட்டியோ இருந்தால், வாரநாளைவிட நெரிசல் அதிகம். மாநாட்டுக் குழுவுக்கே அது தெரியாமல் இருந்ததுண்டு. வளாகத்தின் பொது நிகழ்ச்சி நாள்காட்டியைப் பார்த்துவிடுங்கள்.

ஸ்டியரிங்
வியாழன், காலை 8.40

பதிவு எண் விஷயம் சரிதான். ஒரு வளாகத்தில் அதைத் தராமல் நிறுத்திவிட்டு, கண்ணாடித் துடைப்பானில் அபராதச் சீட்டோடு திரும்பியிருக்கிறேன். ஆனாலும் தோழியோடு சேர்த்து நான்கு பேர் போவதாக இருந்தால் கார்தான் நல்லது. நான்கு டிக்கெட், அலைச்சல், இரவு திரும்பும்போது வெறிச்சோடிய நிறுத்தத்தில் நிற்பது, இதையெல்லாம் யாரும் கணக்கில் எழுதுவதே இல்லை. கடைசி பஸ் 5.40 என்று அவரே சொல்லிவிட்டார்.

சிக்கனம்
வியாழன், காலை 9.03

போஸ்டரைத் துணியில் அச்சிடுங்கள். மடித்துக் கைப்பையில் வைக்கலாம். பாதி விவாதம் முடிந்துவிடும்.

ஊன்றுகோல்
வியாழன், காலை 10.31

எல்லோரும் நிமிடத்தையே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். நான் படிகளை எண்ணுபவள். முட்டி அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இரண்டு ஆண்டுகளாக ஊன்றுகோல்.

'நிறுத்தத்திலிருந்து ஐந்து நிமிட நடை' என்று எழுதுகிறார்கள். போக்குவரத்துத் திட்டமிடுவோர் 400 மீட்டரை ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்கிறார்கள். அது யாருடைய ஐந்து நிமிடம்? எனக்குப் பன்னிரண்டு. பழைய வளாகங்கள் பல மேட்டில் இருக்கின்றன, முகப்பு என்றால் அகன்ற படிக்கட்டு. சாய்தளம் கட்டடத்தின் பின்பக்கம், பொருள் இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது அமெரிக்க விதி சொல்லும் சாய்வு. அதைவிடச் செங்குத்தாக அவசரத்துக்குப் போட்ட பலகைகளையும் 'சாய்தளம்' என்றுதான் சொல்கிறார்கள். அதில் ஏறுவதைவிடப் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம்.

எனக்குக் கார்தான் வழி. ஆனால் நிறுத்துமிடம் அல்ல, கதவருகே இறக்கிவிடும் இடம்தான் எனக்குத் தேவை. அது எங்கே என்று எந்த மாநாட்டுக் கடிதத்திலும் நான் படித்ததில்லை. தூரப்பறவை, உங்களுக்கு எழுதிக் கேட்கும் உத்தேசம் இருந்தால், இந்த ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்பீர்களா? நானும் அதே மாநாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வரலாம்.

தூரப்பறவை
வியாழன், காலை 10.50

கட்டாயம் கேட்கிறேன் அம்மா.

கடைசி இருக்கை
வியாழன், மதியம் 1.22

ஊன்றுகோல் சொன்னதற்குப் பிறகு என் 'ரயில்தான்' என்ற பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன்.

இன்னொன்று. செயலியில் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடாதீர்கள். கைபேசியின் ஜி.பி.எஸ். திறந்த வெளியில் ஏறக்குறைய ஐந்து மீட்டருக்குள் நம் இடத்தைச் சொல்லிவிடும். பிழை அதில் இல்லை, நாம் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. பெயரைக் கொடுத்தால் நிர்வாக அலுவலகத்துக்கோ வளாகத்தின் நடுவுக்கோ கொண்டுபோய் விடும். கட்டடத்தின் பெயரைக் கொடுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் கட்டடத்தின் நுழைவுக் கதவைத் தனியாகக் குறிக்க வசதி இருக்கிறது. யாராவது புண்ணியவான் குறித்து வைத்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

சில ஊர்களில் 'வளாகம்' என்று தேடுவதே வீண். ஆக்ஸ்ஃபோர்டில் கல்லூரிகளும் துறைகளும் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஒரே வளாகம் என்று எதுவும் இல்லை. காரை ஊருக்கு வெளியே விட்டுவிட்டுப் பஸ்ஸில் உள்ளே வரும் ஏற்பாட்டை 1970-களிலேயே அங்கே நிரந்தரமாக்கிவிட்டார்கள். பெல்ஜியத்தின் லூவான்-லா-நூவ் இதற்கு நேர் எதிர். பல்கலைக்கழகத்துக்காகவே கட்டிய ஊர். நடுப்பகுதி முழுவதும் ஒரு பெரிய கான்கிரீட் தளத்தின் மேல் இருக்கிறது. மேலே நடப்பவர்கள், கீழே கார்கள். ரயிலில் போனால் ஊரின் நடுவில் ஏறி வரலாம். காரில் போனால் தூண்களுக்கு நடுவே நிறுத்திவிட்டு, எந்தப் படிக்கட்டு எந்தச் சதுக்கத்தில் முளைக்கும் என்று ஊகிக்க வேண்டும்.

அறை எண்ணையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 10-250 என்றால் 10-ஆம் கட்டடம், இரண்டாம் தளம். இருநூற்றைம்பதாவது அறை என்று எண்ணிக்கொண்டே போனால் மாநாடு முடிந்துவிடும்.

தூரப்பறவை
வெள்ளி, மாலை 6.07

பெயர் அட்டை சொன்னபடியே எழுதினேன். இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது, கூடவே ஒரு மாணவரின் எண்ணும். கட்டடம் 'டி', வடக்குக் கதவு. இறக்கிவிடும் இடம் பற்றிய கேள்விக்கு மட்டும் 'விசாரித்துச் சொல்கிறோம்' என்று எழுதியிருக்கிறார்கள். நாள்காட்டியில் நாளை வேறு நிகழ்ச்சி எதுவும் இல்லை. நாளை நான் ரயிலில் போகிறேன். தோழி பிடிவாதமாகக் காரில் வருகிறாள். யார் முதலில் என்று பந்தயம்.

சிக்கனம்
வெள்ளி, மாலை 6.15

போஸ்டர்?

தூரப்பறவை
வெள்ளி, மாலை 6.16

காகிதம்தான். ஏற்கெனவே அச்சிட்டாகிவிட்டது. குழாயைத் தோழியின் காரில் போட்டுவிட்டேன்.

தூரப்பறவை
சனி, இரவு 9.44

நடந்ததைச் சொல்கிறேன்.

7.10-க்கு ரயில் ஏறினேன். பஸ் ஆறு நிமிடம் தாமதம்; பரவாயில்லை. பல்கலைக்கழகத்தின் பெயரையே தாங்கிய நிறுத்தத்தில் 8.28-க்கு இறங்கினேன். எதிரே வாசல். வாசலில் சங்கிலி. அது நடப்பவர்களுக்கான பக்கவாசலாம், வார இறுதியில் பூட்டுவார்களாம். கம்பிக்கு அந்தப் பக்கம் 'டி' என்ற எழுத்து கட்டடத்தின் நெற்றியில் பெரிதாகத் தெரிகிறது, கல் எறிந்தால் விழும் தூரம். அந்த மாணவரை அழைத்தேன். "அடுத்த நிறுத்தத்தில் இறங்கியிருக்க வேண்டும் அக்கா, சுவரை ஒட்டியே இடப்பக்கமாக வாருங்கள்" என்றார். ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. என்னைப்போலவே மூன்று பேர் அதே சங்கிலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நால்வரும் சேர்ந்து நடந்தோம். அவர்களில் ஒருவர்தான் என் அமர்வின் தலைவர் என்பது பாதி வழியில் தெரிந்தது. ஆகவே பதற்றம் போய்விட்டது. தலைவர் இல்லாமல் அமர்வு தொடங்காது அல்லவா?

வடக்குக் கதவை 8.50-க்கு அடைந்தோம்.

தோழி 8.15-க்குப் புறப்பட்டு, 8.41-க்கு முதன்மை வாசலைத் தாண்டிவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவள் கதை. கட்டண இயந்திரம் பணம் வாங்கவில்லை. கைபேசியில் ஒரு செயலியை இறக்கிக் கணக்குத் தொடங்கச் சொன்னது. அந்தக் கணக்குக்குக் காரின் பதிவு எண் வேண்டும். வாடகைக் கார் என்பதால் எண் மனப்பாடமில்லை, இயந்திரத்துக்கும் காருக்குமாக இரண்டு முறை நடந்தாள். அரங்குக்குள் 9.22-க்கு வந்தாள். என் போஸ்டர் குழாய் காரிலேயே இருந்தது.

நேரக்கணக்கு
சனி, இரவு 10.01

8.15-லிருந்து 9.22. 67 நிமிடம். உங்களுடையது 100. பந்தயத்தில் வென்றது நீங்கள், நேரத்தில் வென்றது அவர். இரண்டு தரப்பும் இதை எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு வாரம் சண்டை போடலாம்.

ஸ்டியரிங்
சனி, இரவு 10.04

போடுவோம்.

தூரப்பறவை
ஞாயிறு, இரவு 10.30

இன்று நானும் காரில்தான் போனேன். செயலியில் கணக்கு ஏற்கெனவே இருந்ததால் ஒரு நிமிடத்தில் முடிந்தது. கட்டடத்துக்குப் பின்னாலேயே இடம் கிடைத்தது. நிறைவு அமர்வு 5 மணிக்கு முடிய வேண்டியது, 6.10 வரை இழுத்தது. கடைசி பஸ் போய்விட்டது. ரயில் நிலையம் வரை நடக்கலாமா என்று வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்த இரண்டு பேரை ஏற்றிக்கொண்டோம். ஸ்டியரிங் அவர்களே, இதை நீங்கள் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

ஊன்றுகோல் அம்மா, இன்று நீங்கள் வரவில்லை என்று நினைக்கிறேன். இறக்கிவிடும் இடம் பற்றிக் குழு கடைசிவரை பதில் சொல்லவில்லை. அந்த மாணவரோடு நானே கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தேன். கிழக்குப் பக்கம், மரங்களுக்கு நடுவில், கார் வந்து திரும்பும் அளவுக்கு ஒரு வளைவு இருக்கிறது. அங்கிருந்து கதவுக்கு 22 அடி எடுத்துவைத்தேன், படி ஒன்றுகூட இல்லை. லிஃப்ட் உள்ளே வலப்பக்கம்.

ஊன்றுகோல்
ஞாயிறு, இரவு 10.52

வர நினைத்தேன். எங்கே இறங்குவது என்று தெரியாமல் கிளம்ப மனம் வரவில்லை. அடுத்த ஆண்டும் அதே இடம்தானா?

தூரப்பறவை
ஞாயிறு, இரவு 10.58

அதே இடம்தான். நான்கு படங்கள் எடுத்து, அம்புக்குறி போட்டுக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். பூட்டிய பக்கவாசல் படமும் அதில் உண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வடக்குக் கதவையும் கிழக்குக் கதவையும் நானே குறித்திருக்கிறேன். கிழக்குக் கதவு கனமானது, வெளிப்பக்கம் இழுத்துத் திறப்பது. ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.